அடுப்புக்கு அடியில் குனிந்து பார்ப்பவர்

கல்லில் மாவு விழும் ஓசை கேட்டதும் மற்றவர்கள் தட்டை நீட்டுவார்கள். சந்திரசேகரன் குனிவார். ஹெப்பகோடி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் நிற்கிற தோசை வண்டி அது. முதுகில் தொங்கும் லேப்டாப் பை சரிந்து வந்து தலையில் இடிக்கும். அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கழுத்து அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, கல்லுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பார். பர்னரைச் சுற்றி வண்டிக்காரர் ஒரு டின் தகட்டை வளைத்து நிறுத்தியிருக்கிறார். தகட்டின் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. அந்தத் திறப்பைத்தான் அவ்வளவு நேரம் பார்த்தார்.

"என்னா சார், கரப்பான் எதுனா ஓடுதா?" என்று வண்டிக்காரர் பயந்துபோய்க் கேட்டார்.

கரப்பான் இல்லை, இந்தத் தகடு எதற்கு என்று பார்த்தேன் என்றார் இவர். காற்றுக்கு என்று பதில் வந்தது. சரி, தகட்டை எடுத்துவிட்டால் அப்போதும் இது அடுப்புதானா, இல்லை வெறும் நெருப்பா என்று அடுத்த கேள்வியைப் போட்டார். இவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் பசியோடு நின்றுகொண்டிருந்தார்கள். வண்டிக்காரர் தோசையைத் திருப்பிப் போட்டார். சந்திரசேகரன் தகட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். சட்னி முடிந்துவிட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஆரணிக்காரர். எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. பிறர் எழுதிய புரோகிராமில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். இந்தக் குணம் சிலருக்கு ஆபீஸ் வாசலோடு நின்றுவிடும். இவருக்கு அது கூடவே கேப் ஏறி வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையிலும் உட்கார்ந்துகொள்ளும். இட்லி ஆறிப்போச்சு என்று மனைவி கிருத்திகா சொன்னால், ஆறிப்போச்சு என்று எந்தச் சூட்டிலிருந்து சொல்லலாம் என்று கேட்பார். கல்யாணமான புதிதில் கிருத்திகா இதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். மனிதர் நிஜமாகவே பதிலை எதிர்பார்க்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. கேள்வி கேட்டுவிட்டு இடது கைச் சுண்டுவிரலை வலது கையால் பற்றிக்கொள்வார். பதில் கிடைக்கிறவரை விரலுக்கு விடுதலை இல்லை.

ஆனால் அடுப்புப் பைத்தியம் பிடித்தது இந்த மார்கழியில்தான். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை அவரே தேடிக்கொண்டார்.

போன வருஷம் போகியன்று அவர்கள் குடியிருப்பின் பின்பக்கத்தில் யாரோ பழைய மெத்தை ஒன்றைப் போட்டுக் கொளுத்தினார்கள். கரும்புகை மேல்மாடிவரை ஏறியது. காயப்போட்ட துணியெல்லாம் நாறியது. இனி வளாகத்துக்குள் நெருப்பு என்ற பேச்சே கூடாது என்று சங்கத்தில் ஒரு கட்சி கிளம்பியது. அப்படியானால் மொட்டைமாடியில் செங்கல் அடுக்கிப் பொங்கல் வைப்பது எப்படி என்று தமிழ்க் குடும்பங்கள் எதிர்க்கட்சி கட்டின. கூட்டம் சந்தைக்கடையாக இருந்தபோது சந்திரசேகரன் எழுந்து இரண்டே வாக்கியத்தில் ஒரு விதி எழுதிப் படித்தார். வளாகத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது. அடுப்புக்கு இது பொருந்தாது.

போகி போயிற்று, பொங்கல் பிழைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சங்கத் தலைவர் நாகேஷ் மகிழ்ந்துபோய், பாதுகாப்புக் கமிட்டியையும் அன்றே இவர் தலையில் கட்டிவிட்டார். அடுப்பு என்றால் என்ன என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஊரார் ஓட்டையை எல்லாம் கண்டுபிடிக்கிற மனிதரும் தான் எழுதியதைத் தடவிப் பார்க்கவில்லை.

வருஷம் திரும்புவதற்குள் வினை கேட் வழியாக வந்தது. கேட்டில் விடியற்காலை ஷிஃப்ட் பார்ப்பவர் பாமா. நாற்பதைத் தாண்டிய பெண், அத்திபெலேயிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தால் மார்கழிக் குளிர் தரையிலிருந்து ஏறும். அவருக்குக் குளிரில் விரல்கள் வீங்கிவிடும், கேட்டின் தாழ்ப்பாளை இழுக்க மடங்காது. அதனால் ஒரு காலி எண்ணெய் டின்னைப் பிளம்பரிடம் கொடுத்து, மேல்பக்கத்தைத் திறந்து, பக்கவாட்டில் கீழே கையகலத்துக்கு வாய் வெட்டி வாங்கிக்கொண்டார். அதில் உதிர்ந்த சுள்ளியும் தேங்காய் மட்டையும் போட்டு எரிய விடுவார். கையைக் காட்டுவார். விரல் மடங்கியதும் தாழ்ப்பாளைத் திறப்பார். வண்டிகள் கிளம்பும் நேரத்துக்குள் டின் அணைந்து ஓரத்துக்குப் போய்விடும்.

அந்தப் புகை நேராக முதல் மாடி ஜன்னலுக்குள் போனது. அந்த வீட்டுக் குழந்தைக்கு வீசிங். குழந்தையின் அப்பா ஒருநாள் டின்னைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இது நெருப்பில்லாமல் வேறென்ன என்று கீழே எழுதியிருந்தார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது, இருமுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு யாரும் நிதானமாக எழுதமாட்டார்கள். நெருப்பு மூட்டும் காவலாளியை ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சங்கத்தில் ஏற்கெனவே ஒரு தீர்மானம் உண்டு. அனுப்பினால் ஏஜென்சி ஒயிட்ஃபீல்டு பக்கம் போடும். விடியற்காலையில் அத்திபெலேயிலிருந்து அங்கே போய்ச் சேர பஸ் கிடையாது. மாற்றுவதும் நிறுத்துவதும் பாமாவுக்கு ஒன்றுதான்.

குழுவில் இரண்டு நாள் ரகளை. ஒருவர் அது அடுப்புதான் என்றார், டின்னுக்கு வாய் இருக்கிறதே என்றார். இன்னொருவர் வாய் இருந்தால் தபால் பெட்டியும் அடுப்பா என்று மடக்கினார். நாகேஷ் மைசூர் பக்கத்துக்காரர், கறாரானவர். சங்கராந்திக்கு அவர்கள் ஊரில் மாடுகளைத் தீயைத் தாண்ட வைப்பார்களாம், கிச்சு என்கிற அந்தத் தீச்சடங்கையே இங்கே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தவன் நான், எனக்கு எல்லோரும் ஒன்றுதான் என்றார். பிறகு சந்திரசேகரனைப் பார்த்து, விதி எழுதியவர் நீங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டுக்கு ஏஜென்சி ஆள் வருகிறான், அவன் முன்னால் இது ஒலெயா பென்கியா என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அதோடு முடிந்தது என்று பந்தைத் தள்ளிவிட்டார். கன்னடத்தில் ஒலெ அடுப்பு, பென்கி நெருப்பு. எந்த மொழியில் கேட்டாலும் சந்திரசேகரனிடம் பதில் இல்லை.

அது அடுப்புதான் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போகலாம். கிருத்திகாவும் அதைத்தான் சொன்னார்.

"ஏங்க, அந்தம்மாவுக்கு வேலை போவப்போவுது. நீங்க என்னான்னா அடுப்புக்கு இலக்கணம் தேடிக்கினு இருக்கீங்க."

இன்றைக்கு நான் வாய்க்கு வந்ததைச் சொன்னால், நாளைக்கு மெத்தையைக் கொளுத்துகிறவன் அதன் மேல் ஒரு டம்ளரை வைத்துவிட்டு அடுப்பு என்பான், அப்போது எந்த முகத்தோடு தடுப்பேன் என்றார் சந்திரசேகரன். கிருத்திகாவுக்கு அந்த நியாயம் புரிந்தது, எரிச்சல் குறையவில்லை. இண்டக்‌ஷன் அடுப்பில் குழம்பை வைத்துப் பொத்தானை அழுத்தினார். நெருப்பே இல்லாத இதைக் கடையில் அடுப்பு என்றுதானே விற்கிறான், முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள் என்று ஒரு குத்து குத்திவிட்டுப் போனார். சந்திரசேகரன் குனிந்து அதன் அடியையும் பார்த்தார். அங்கே ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் முழுவதும் மனிதர் நெருப்பைக் கண்ட இடத்தில் நின்றார். பாத்திரம் உட்கார இடம் இருந்தால் அடுப்பு என்பது அவருடைய முதல் முடிவு. அதைச் சந்தாபுரா சர்க்கிளில் சோளம் சுடும் லட்சுமம்மா உடைத்தார். இரும்புத் தட்டில் கரி, பக்கத்தில் கையால் சுற்றும் விசிறி, கதிர் நேராகக் கங்கின் மேல். பாத்திரத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் சமையல் நடக்கிறது, மணக்கவும் மணக்கிறது. சந்திரசேகரன் கைப்பிடி எங்கே இணைகிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று தட்டைச் சுற்றி வந்தார்.

"சோளம் ஓணுமா சார், சும்மா பாத்துட்டுப் போறதுக்கா?" என்று லட்சுமம்மா கேட்டார்.

இரண்டு கதிர் வாங்கிக்கொண்டு, இதை நீங்கள் அடுப்பு என்று சொல்வீர்களா என்று கேட்டார் இவர். நான் இதை ஒன்றும் சொல்வதில்லை, விடிந்தால் எடுக்கிறேன், பொழுது போனால் கவிழ்க்கிறேன் என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டு, லட்சுமம்மா அடுத்த ஆளுக்கு எலுமிச்சம்பழம் தேய்க்கப் போய்விட்டார். பாத்திரம் கணக்கிலிருந்து நீங்கியது.

நெருப்பைச் சுற்றிச் சுவர் கட்டி, காற்றையும் விறகையும் நம் விருப்பத்துக்கு ஆட்டிவைத்தால் அடுப்பு என்பது இரண்டாவது முடிவு. வெள்ளிக்கிழமை, மார்கழி என்றும் பாராமல் கிருத்திகாவின் தோழி வீட்டில் நடந்த கிரகப்பிரவேசத்தில் அதுவும் போயிற்று. கூடத்தில் செங்கல் கட்டி ஹோமம். அளந்து நெய், அளந்து சமித்து, ஐயர் கையில் விசிறி. அரிசியும் பொரியும்கூட உள்ளே போயின. நாலடி தள்ளிச் சமையலறை வாசலில் அதே மாதிரி செங்கல் வைத்துப் பால் காய்ச்சினார்கள். ஒன்று அக்னி, ஒன்று அடுப்பு. கூடியிருந்த ஒரு குழந்தைக்குக்கூட இதில் குழப்பம் இல்லை. சந்திரசேகரனுக்கு மட்டும் வியர்த்தது. மந்திரத்துக்கு நடுவில் அவர் ஐயர் பக்கம் சாய்வதைப் பார்த்துவிட்டு, கிருத்திகா தொடையில் நறுக்கென்று கிள்ளினார். கேள்வி வாய்க்குள்ளேயே நின்றது. ஹோமத்தில் போடுவது திரும்பி வருவதில்லை, அடுப்பில் வைப்பது திரும்பி வருகிறது என்று திரும்பும் வழியில் காரில் சொன்னார் இவர். கிருத்திகா ஜன்னலைத் திறந்தார்.

அந்த முடிவு மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. தெருமுனையில் துணி தேய்க்கும் ஞானசேகரனின் வண்டியில் அதையும் சோதித்துப் பார்த்தார். கரிப்பெட்டியில் சுவர் இருக்கிறது, காற்றுக்கு ஓட்டை இருக்கிறது, போட்ட சட்டை சூடாகத் திரும்பி வருகிறது. ஆனாலும் அதை அடுப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்படி நினைத்துக்கொண்டு நிற்கும்போதே மதியம் ஆனது. ஞானசேகரன் பெட்டியின் மூடியைத் திறந்து, கங்கின் மேல் தன் சாப்பாட்டு டப்பாவைப் பதமாக வைத்தார். சாம்பார் கொதிக்கிற சத்தம் கேட்டது. சாப்பிட்டு முடித்ததும் மூடியைப் போட்டு அடுத்த பேன்ட்டை எடுத்தார். நடுவில் கொஞ்ச நேரம் அது என்னவாக இருந்தது, எந்த நொடியில் மாறியது என்று சந்திரசேகரன் வெயிலில் நின்று யோசித்தார். இந்த இடத்தில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வாரம் முழுக்க அலைந்ததற்கு இது போதும் என்றுகூடத் தோன்றியது. உடனே பாமாவின் ஞாபகம் வந்து, சந்தோஷப்பட்டதற்காக வெட்கப்பட்டார்.

சனிக்கிழமை விடியற்காலை பால் பாக்கெட் வாங்குகிற சாக்கில் கேட்டுக்குப் போனார். பாமா டின்னை எரியவிடவில்லை. புகார் வந்த அன்றே நிறுத்திவிட்டாராம். அது சாம்பல் தட்டிக் கழுவிக் கூண்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. கைகளைக் கக்கத்தில் இறுக்கி உட்கார்ந்திருந்தவர் இவரைக் கண்டதும் எழுந்து நின்றார். உட்காருங்கள் அக்கா என்றார் இவர். உட்காரவில்லை. இவர் டின்னை நிமிர்த்தி வாயைப் பார்த்தார், உள்ளே கையை விட்டுப் பார்த்தார். நன்றாகத்தான் வெட்டியிருந்தது. எல்லாம் சரி, ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

"இதுல எப்பவாச்சும் டீ சூடு பண்ணியிருக்கீங்களா அக்கா?"

"இல்ல சார். டீ பிளாஸ்க்குல வந்துரும்."

"ஒரு நாளாவது? ஒரு பன்னு, ஒரு கெழங்கு, எதனா சுட்டிருப்பீங்க. ஞாபகப்படுத்திப் பாருங்க."

இந்த மனிதர் தனக்காக ஒரு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறார் என்பது பாமாவுக்கு விளங்கிவிட்டது.

"கை காய வெச்சேன் சார், அவ்ளோதான். எனக்கோசரம் நீங்க சுள்ளு சொல்லாதீங்க. நானும் சொல்லமாட்டேன். ஏஜென்சிக்காரன் துருவிக் கேட்டான்னா அதுல மாட்டிக்கினு முழிக்கணும். அதுக்கு இதுவே தேவல."

பொய் வேண்டாம் என்று அவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டு, வந்த காருக்காக அவர் தாழ்ப்பாளை இழுக்கப் போனார். விரல்கள் மடங்கவில்லை. உள்ளங்கையால் தள்ளினார், பிறகு முழங்கையால் தட்டினார். மூன்றாவது முறைதான் நகர்ந்தது. கார்க்காரர் ஒருதரம் ஹாரன் அடித்தார். சந்திரசேகரன் பால் பாக்கெட்டை வைத்துக்கொண்டு நின்றார். தான் எழுதிய இரண்டு வாக்கியம் போய் இந்த விரல்களில் உட்கார்ந்திருக்கிறது என்று முதல்முறையாக உறைத்தது.

அன்று முழுவதும் அவர் ஊதுவத்தியோடு திரிந்தார். கேட்டைச் சுற்றி அங்கங்கே நின்று கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். சந்திரசேகரன் சாருக்கு வேண்டுதலா என்று லிஃப்டில் கேட்டுச் சிரித்தார்கள். பழைய இடத்திலிருந்து புகை சுவரோடு ஏறி முதல் மாடி ஜன்னலில் நுழைந்தது. எதிர்ப்பக்கம் புங்கமரத்தடியில் வைத்தால் அது மதிலைத் தாண்டிக் காலி மனைக்குப் போயிற்று. மாலையில் முதல் மாடிக்காரரைக் கீழே அழைத்துவந்து அதைக் காட்டினார். புகை வராதவரை எனக்கு அந்தம்மா மேல் ஒரு கோபமும் இல்லை, ஆனால் விதியை எழுதியது நீங்கள்தானே என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்தை எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஞாயிறு காலை பனி இன்னும் விலகவில்லை. நாகேஷ் நடைப்பயிற்சிக் காலணியோடு வந்துவிட்டார். முதல் மாடிக்காரர் ஸ்வெட்டரோடு வந்தார். ஏஜென்சியின் மேற்பார்வையாளர் பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார், பாமாவைக் கையோடு அழைத்துப் போக வந்தவர் மாதிரி இருந்தது. பாமாவும் துணிப்பையைத் தோளில் மாட்டித் தயாராக நின்றார். சந்திரசேகரனைத்தான் காணோம். நாகேஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். இந்த மனிதனை நம்பி வந்தது தப்பு என்று கன்னடத்தில் முணுமுணுத்தார்.

சந்திரசேகரன் வந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கையில் பால் நிறைந்த பாத்திரம், மூடியில்லாமல். அடி வைக்கும்போதெல்லாம் சிந்திச் சட்டை நனைந்திருந்தது. அக்குளில் ஒரு சதுர இரும்புச் சட்டம். வீட்டு கேஸ் அடுப்பில் பாத்திரம் உட்காருவதற்காக இருக்கும் சட்டம் அது. அதைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். மேலே பால்கனியில் கிருத்திகா, காபிக்கு வழியில்லாமல், கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

நேராக டின்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் புங்கமரத்தடியில் வைத்தார். சுள்ளியும் இரண்டு கட்டையும் செருகித் தீக்குச்சி கிழித்தார். அணைந்தது. இன்னொன்று கிழித்தார், அதுவும் அணைந்தது. பாமா பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, காய்ந்த தென்னம்பாளையைக் கிழித்து உள்ளே தள்ளிப் பற்றவைத்தார். தீ பிடித்தது. சந்திரசேகரன் சட்டத்தை டின்னின் மேல்விளிம்பில் வைத்தார். ஆடியது. திருப்பி வைத்தார், பொருந்தியது. அதன்மேல் பாலை வைத்தார்.

"ஏன் சந்துரு, இது என்ன டிராமா?" என்றார் நாகேஷ்.

"நேத்து வரைக்கும் இது நெருப்பு சார்" என்றார் சந்திரசேகரன். "கை காய வெக்கத்தான் மூட்டினாங்க. அதை அவங்களும் மறைக்கல, நானும் மறைக்கல. புகை இனிமே ஜன்னலுக்குப் போவாது, அதை இவரே பாத்துட்டார்."

முதல் மாடிக்காரர் தலையை ஆட்டினார்.

"சரி, இப்போ? ஒலெயா, பென்கியா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. இவரு போணும்."

மேற்பார்வையாளர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பார்த்தார். பாமா தரையைப் பார்த்தார். சந்திரசேகரன் சுண்டுவிரலைத் தேடவில்லை. இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்றார்.

"தெரியல சார்" என்றார். "வாரம் பூரா தேடினேன். எனக்குத் தெரியல. பால் வெச்சிருக்கேன்."

எல்லோரும் டின்னைப் பார்த்தார்கள். குளிராக இருந்தது, அதனால் ஆளுக்கு ஓரடி கிட்ட வந்தார்கள். முதல் மாடிக்காரர் கைகளை நீட்டினார். மேற்பார்வையாளர் ஹெல்மெட்டைக் கழற்றி பைக்கின் மேல் வைத்துவிட்டு வந்தார். புகை மதிலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பாலின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் வர ஆரம்பித்தன. பாத்திரத்தை மறந்து சந்திரசேகரன் வழக்கம்போல அடியில் குனிந்திருந்தார். தீ நன்றாகப் பிடித்து நாக்கு சட்டத்துக்கு மேலே ஏறியிருந்தது. ஆடை விலகி, நுரை திரண்டு, பால் விளிம்புக்கு வந்தது.

நாகேஷ் சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டின்னின் வாய்க்குள்ளிருந்து எரிகிற கட்டை ஒன்றை வெளியே இழுத்தார். நுரை அடங்கிப் பால் கீழே இறங்கியது. கட்டையின் நுனியை மண்ணில் தேய்த்து அணைத்து, மறுபடி எடுத்துச் செருக வாகாக, பாமாவின் கைப்பக்கம் டின்மேல் சாய்த்துவைத்தார்.